துணிக்கடை மேஜையில் துரைமார் குடித்த கதை

எங்கள் விடுதியில் ஆறு அறைகள். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில், பஸ் கியர் மாற்றி முனகும் ஒரு திருப்பத்தில் இருக்கிறது. நான் அதன் முதலாளி, மேலாளர், வெந்நீர் போடுகிறவன். என் மனைவி அதை நடத்துகிறவள்.

சில வருடங்களுக்கு முன் என் மச்சான் சேலத்தில் உட்கார்ந்தபடியே விடுதிக்கு ஓர் இணையப் பக்கம் செய்துகொடுத்தான். நடுவில் ஒருநாள் போனில் கூப்பிட்டான்.

“மாமா, கீழ கொஞ்சம் எடம் காலியா இருக்குதுங். பக்கத்துல பாக்கறதுக்கு என்னென்ன இருக்குதுன்னு ரெண்டு வரி சொல்லுங்க.”

ஏரி, பூங்கா, காட்சிமுனை எல்லாவற்றையும் மலையிலுள்ள மற்ற விடுதிக்காரர்கள் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். அன்று காலையில்தான் ஏதோ ஒரு வெளிநாட்டு விடுதியின் பக்கத்தைப் பார்த்திருந்தேன். அதில் இருந்ததை அப்படியே எடுத்துவிட்டேன். “பழமையான மதுக்கூடமும் அருங்காட்சியகமும் ஐந்து நிமிட நடையில்.”

“அங்க அப்படியெல்லாம் இருக்குதுங்களா மாமா?”

“தேடுனா என்ன மாப்ள கெடைக்காது?”

அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. பெங்களூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி வருகிறவர்கள் மூன்றே கேள்விகள்தான் கேட்பார்கள். மிளகாய் பஜ்ஜி எங்கே, சிக்னல் எங்கே, வெந்நீர் எங்கே. அருங்காட்சியகம் எங்கே என்று கேட்க ஒருத்தி அயர்லாந்திலிருந்து வர வேண்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வந்தாள். இருபத்தொரு வயதுப் பெண். டப்ளினில் வரலாறு படிக்கிறவள். ஆறு மாதத்துக்குச் சேலத்தில் ஒரு கல்லூரிக்கு அனுப்பியிருந்தார்கள். வருவதற்கு முன் ஒரு வருடம் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தாள். அதனால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசினாள். நாங்கள் பேசுவது புரியாமல் போகும்போது மட்டும் முகத்தில் ஒரு சின்னப் பரிதாபம் தெரியும், எங்கள் மேல்.

வகுப்பில் எல்லோரையும் ஊர் ஊராக அனுப்பிவிட்டு எல்லோருக்கும் ஒரே கட்டுரையைக் கொடுத்திருந்தார்கள். படிக்கப் போன ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய மதுக்கூடங்களையும் அருங்காட்சியகங்களையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே யார் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். ஒருத்தி ப்ராக் போய்விட்டாள். அவளுக்கு மாடிப்படி இறங்கினால் ஐந்நூறு வருட மதுக்கூடம். இன்னொருவன் லிஸ்பன். இவளுக்குச் சேலம். அருங்காட்சியகத்தை ஒரே மதியத்தில் பார்த்து முடித்துவிட்டு, ஓர் ஆட்டோக்காரரிடம், “ஐயா, இந்நகரின் மிகப் பழமையான மதுக்கூடம் எங்கே உள்ளது?” என்று கேட்டிருக்கிறாள். அவர் கம்பி போட்ட ஒரு ஜன்னலின் முன்னால், நீளமான வரிசையின் வாலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, “இதாங்க நொம்பப் பழசு. எட்டு வருசமா எடத்த மாத்தவே இல்ல” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை அவள் என் இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள்.

இதையெல்லாம் எங்கள் வரவேற்பு மேஜையில் கையூன்றி நின்றுகொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு, “திங்கட்கிழமை கட்டுரையை ஒப்படைக்க வேண்டும், ஐயா. தாமதமானால் இந்தப் பாடத்தில் தோல்வி. உங்கள் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மதுக்கூடம் இங்கிருந்து எந்தத் திசையில்?” என்று கேட்டாள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். எனக்குப் பொய் வரும்.

“நீ கை வச்சிருக்கறயே, அதுதாம்மா மதுக்கூடம்” என்றேன்.

அவள் தீயைத் தொட்டவள்போலக் கையை எடுத்தாள்.

அந்த மேஜை சேலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையை மூடியபோது நான் வாங்கியது. நல்ல தேக்கு. ஓரத்தில் துணி அளக்கக் கோடு போட்ட பித்தளைப் பட்டை ஒன்று பதித்திருக்கும். பத்து வருடமாக அதன்மேல் என் மனைவி மிளகும் காப்பித்தூளும் விற்கிறாள். அந்த மேஜையை ஒரே மூச்சில் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் பங்களா ஒன்றின் மதுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுற்றி நிற்கவைத்து, பங்களாவை மூடியபோது நானே காப்பாற்றித் தூக்கி வந்ததாகவும் சொல்லிவிட்டேன்.

“இந்தப் பித்தளைக் கோடுகள் எதற்காக, ஐயா?”

“கிளாஸ இந்த முனையில வைப்பாங்கம்மா. ஒரு ரவுண்டு முடிஞ்சா ஒரு கோடு நகத்தோணும். அந்த முனைக்குப் போயிருச்சுன்னா, துரையே ஆனாலும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரோணும்.”

என் மூளை இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததைப் பள்ளிக்கூடக் காலத்திலும் நான் பார்த்ததில்லை. அவள் பையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்து, பட்டையை இரண்டு முறை அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை காலை வரை தவணை வாங்கினேன். எங்கள் சாமான் அறையைக் கூட்டிப் பெருக்கி, உடைந்த கட்டில்களை ஓரம் தள்ளி, மீதியைப் பலகைமேல் பரப்பினேன். தொப்பி ஒன்று இருந்தது. மச்சான் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது வாங்கியது. துரையின் தொப்பி ஆயிற்று. எனாமல் பேசின் ஒன்று. துரைசானி முகம் கழுவியது. சிலந்தி வலை படிந்த ஒரு மீன் தூண்டில். அது யாருடையதென்று எனக்கே தெரியாததால், அதற்கு ஒரு தற்கொலைக் கதையைக் கொடுத்தேன். அந்த அறையில் உண்மையான பழம்பொருள் ஒன்றே ஒன்றுதான். எஸ்டேட்டில் காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட மணிபோல அடிக்கும் தண்டவாளத் துண்டு. உண்மை என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“யாராவது பெரியவர் நேரில் பார்த்ததைச் சொன்னால் நன்றாக இருக்கும்” என்றாள் அவள், எழுதிக்கொண்டே.

அன்று மதியமே நாகலூரில் இருக்கும் ரைட்டரய்யாவுக்குப் போன் போட்டேன். எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதும் ரைட்டராக நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

“ரைட்டரய்யா, நாளைக்கு ஒரு வெள்ளக்காரப் புள்ளையக் கூட்டிட்டு வர்றேன். அந்தப் பழைய பங்களாவுல துரைமாரு குடிச்சத நீங்க கொஞ்சம் சொல்லோணும்.”

“நான் பாக்கலயே தம்பி.”

“பாத்த மாதிரி சொல்லுங்க.”

கொஞ்சம் யோசித்தார். “எவ்வளவு நேரத்துக்குச் சொல்லோணும்?”

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மறுநாள் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு சகிதம் பங்களா வாசலில் நின்றார். பங்களாவின் அந்தப் பெரிய அறையில் இப்போது காப்பி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஆரம்பித்தார். ஒரு துரை குதிரையோடு உள்ளே வருவார் என்றார். சரி. குதிரைக்கும் வாளியில் பீர் ஊற்றுவார்கள் என்றார். போதும் என்று கண்ணடித்தேன். அதை அவர் இன்னும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் புலி ஒன்று எட்டிப் பார்த்தது. நான் இருமினேன். இன்னொரு புலி வந்தது.

“இரண்டு புலிகளா, ஐயா?”

“சோடியாத்தானுங் அம்மணி வரும்.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். “எல்லாக் கட்டுரைகளையும் படங்களோடு துறையின் இணையதளத்தில் போடுவார்கள். இங்கே இருப்பவர்களும் படிக்கலாம்.”

பஸ் திருப்பத்தில் சாய்ந்தது. நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த மேஜையை எனக்கு விற்ற ஜவுளிக்கடைக்காரருக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவர்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. ஆயுத பூஜை. கட்டுரையில் கொஞ்சம்தான் பாக்கி, மதியம் முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, நோட்டையும் மடிக்கணினியையும் வரவேற்பு மேஜைமேல் வைத்துவிட்டுப் பனியில் நடக்கப் போய்விட்டாள். நான் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பியபோது மணி பதினொன்று. பூஜை முடிந்து கற்பூர வாசனை மட்டும் மிச்சம் இருந்தது. வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. ஸ்கூட்டர், கேஸ் அடுப்பு, மிக்ஸி, அரிவாள், மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணி, சாவிக்கொத்து, எங்கள் போன்கள், துணிக்கடை மேஜை. வை-ஃபை பெட்டியைக்கூட என் மனைவி கழற்றி, துடைத்து, பொட்டு வைத்துச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் புத்தக அடுக்கு. எங்கள் புக்கிங் நோட்டு, சமையல் குறிப்பு நோட்டு, எல்லாவற்றுக்கும் அடியில், பட்டுத்துணி போர்த்தி, அந்தப் பெண்ணின் நோட்டும் மடிக்கணினியும்.

“நீயும் படிக்கிற புள்ளதான கண்ணு” என்றாள் என் மனைவி, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு. “உனக்கும் சரசுவதி வேணுமில்ல? அதான் நல்லா அடியில வச்சு, தனியா ஒரு சூடம் காட்டீட்டேன்.”

“மிக்க நன்றி, அம்மா. எப்போது எடுத்துக்கொள்ளலாம்?”

“நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுட்டு எடுத்துக்கலாங் கண்ணு. அதுவரைக்கும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. சாமிகிட்ட இருக்குது.”

அவள் என்னைப் பார்த்தாள். டப்ளினில் மதியம் பன்னிரண்டு என்றால் எங்களுக்கு மாலை நாலரை. இன்னும் ஐந்தரை மணி நேரம். நான் என் மனைவியைத் தனியாக அடுக்களைக்குக் கூட்டிப் போனேன்.

“ஏம்புள்ள, அந்தப் பொண்ணு இன்னைக்கு நாலரைக்குள்ள அத அனுப்பலைன்னா ஃபெயிலாம். மறுபூஜைய இன்னைக்கே போட்டுரலாமே?”

“தாராளமாப் போட்டுரலாம். நாளைக்கு வர்ற விஜயதசமிய இன்னைக்கே கூட்டியாங்க, போட்டுரலாம்.”

“அது வெளிநாட்டுப் புத்தகம். அதுக்கு இதெல்லாம் பொருந்துமா?”

“ஏனுங்க, போன வருசம் இதே மாதிரிதான் சொல்லி, புக்கிங் நோட்ட நடுவுல உருவுனீங்க. அந்த சீசன் பூரா மழை. ஒரு ஆள் வந்தாங்களா?”

மழைக்கும் என் நோட்டுக்கும் உள்ள தொடர்பை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அவள் சுண்டலைத் தாளிக்கத் திரும்பினாள். நான் பூஜையறைக்குத் திருடப் போனேன்.

கையில் ஒரு வாழைப்பழம் வைத்துக்கொண்டேன், யாராவது கேட்டால் படைக்க வந்தேன் என்று சொல்ல. மண்டிபோட்டு, பட்டுத்துணியை விலக்கி, நோட்டின் முனையைப் பிடித்தும்விட்டேன். அப்போதுதான் அது எனக்குள் இறங்கியது. இந்த நோட்டுக்குள் என்ன இருக்கிறது? ரவுண்டுக்கு ஒரு கோடு. ஊட்டித் தொப்பி. பீர் குடிக்கும் குதிரை. சோடிப் புலி. இது வெளியே வராமல் இருப்பதைப் போல எனக்கு நல்ல காரியம் உலகத்தில் வேறில்லை. கலைவாணியே இறங்கி வந்து என் மானத்தை எடுத்துத் தன் காலடியில் மறைத்துவைத்திருக்கிறாள். நான் ஒரு மடையன், அதை உருவப் பார்க்கிறேன்.

உருவினால் என் மானம் போகும். உருவாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு போகும். கை நடுவில் நின்றது.

“என்னங்க பண்றீங்க?”

கரண்டியோடு மனைவி. அவளுக்குப் பின்னால் அந்தப் பெண். நான் வாழைப்பழத்தைக் காட்டினேன். அதில் முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. சட்டைப் பையிலும் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

“வேண்டாம், ஐயா” என்றாள் அந்தப் பெண். “அம்மா வைத்ததை நான் எடுக்க மாட்டேன். நான் வேறு வழி யோசித்தேன். விதியில் ஒலிப்பதிவாகவும் தரலாம் என்று இருக்கிறது. எழுதாமல் பேசிவிடலாம். அம்மா, பேசுவதற்குத் தடை உண்டா?”

“பேசறதுக்கு என்ன கண்ணு தடை? அதுக்கெல்லாம் தடை போட்டா உங்க ஐயா இன்னைக்கு என்ன பண்ணுவாரு?”

“தொலைபேசிக்கும் பொட்டு வைத்திருக்கிறீர்களே?”

“அதுக்கு வச்சோடனே எடுத்துக்கலாங் கண்ணு. நாங்கெல்லாம் எடுத்துட்டோம்.” இந்தச் சலுகை எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளும் நேரமல்ல அது.

ஆனால் குறிப்பு எதுவும் கையில் இல்லை. அதனால் எல்லோரிடமும் மறுபடி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றாள். நல்ல அமைதியான இடமும் வேண்டும். விடுதியில் அன்றைக்கு அமைதியான இடம் பூஜையறை ஒன்றுதான். பாய் விரித்து உட்கார்ந்தோம். எனக்கு நேர் எதிரே சரஸ்வதி படம். விளக்கு எரிகிறது. போனில் சிவப்புப் புள்ளி எரிகிறது. என் மனைவி சுண்டல் கிண்ணத்தோடு வாசற்படியில் சாய்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அடுக்களையும் விருந்தாளிகளுமாக இருந்தவள் நான் சொன்ன எதையும் கேட்டிருக்கவில்லை.

“ஐயா, இந்த விடுதியின் வரவேற்பு மேஜை எங்கிருந்து வந்தது?”

வாயைத் திறந்தேன். துரைமார்கள் நாக்கு நுனியில் தயாராக நின்றார்கள். விளக்கு ஒரு முறை துள்ளியது. என் மனைவி ஒரு கடலையை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அந்தச் சத்தம் எனக்கு நீதிமன்றத்தில் சுத்தியல் அடிப்பதுபோலக் கேட்டது.

“சேலம் கடைவீதி” என்றேன். “ஜவுளிக்கடை. துணி அளக்கற மேஜைம்மா அது.”

அப்புறம் எல்லாம் கொட்டியது. தொப்பி, பேசின், தூண்டில், தற்கொலை. இணையப் பக்கத்தில் இருப்பது வேறொரு விடுதியின் வரி என்பதையும் சொன்னேன். இங்கே மதுக்கூடமும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. உன்னை இவ்வளவு தூரம் வரவைத்து மூன்று நாளை வீணாக்கிவிட்டேன் என்றேன். சொல்லச் சொல்லக் குரல் மெலிந்து, கடைசியில் எனக்கே கேட்கவில்லை.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பதிவை நிறுத்தக்கூட இல்லை.

“தெரியும், ஐயா. வெள்ளிக்கிழமையே தெரியும்.”

“எப்படி?”

“பட்டையை அளந்தேன் அல்லவா? சரியாக ஒரு மீட்டர். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் கஜத்திலும் அடியிலும் அளப்பவர்கள். மீட்டர் கணக்கில் குடித்திருக்க மாட்டார்கள்.”

“அப்பறம் எதுக்கம்மா எல்லாத்தையும் எழுதிக்கிட்ட?”

“ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்று பார்த்தேன்.”

வாசற்படியில் சுண்டல் புரை ஏறியது. என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தபடி ரைட்டரய்யாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன்.

“ரைட்டரய்யா, நேத்து சொன்னதுல ஒரு திருத்தம்.”

“எதுலீங் தம்பி, புலியா? ஒண்ணக் கொறச்சரலாமா?”

என் மனைவி போனை வாங்கினாள். “ஏனுங்க ஐயா, இங்க சரசுவதி முன்னால உக்காந்து பேசறோம். அந்தப் புள்ள படிப்பு இதுலதான் இருக்குது. நெசமா நீங்க என்ன பாத்தீங்களோ அத மட்டும் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார். பிறகு வந்த குரல் நேற்றைய குரல் இல்லை.

“நான் வேலைக்குச் சேந்தப்ப துரைமாரெல்லாம் போயிட்டாங்க அம்மணி. அந்த ரூம்புல உரமூட்டையும் மருந்தடிக்கற பம்பும்தான் கெடந்துச்சு. ஆனா ஒரு நாற்காலி இருந்துச்சு. துரை குடிக்கறப்ப உக்கார்ற நாற்காலின்னு சொல்லுவாங்க. அதுல யாரும் உக்காரக் கூடாதுன்னு எனக்கு முன்னால இருந்த ரைட்டரு சொல்லிட்டுப் போனாரு. அவருக்கு யார் சொன்னாங்களோ. நாப்பது வருசம், தெனமும் அந்த ரூம்பத் தொறப்பேன், நின்னுக்கிட்டே மூட்டை எண்ணுவேன், பூட்டுவேன். கால் கடுக்கும். சுத்தி ஒரு ஆள் இருக்க மாட்டாங்க. இருந்தும் உக்காரல.”

“ஏன் உட்காரவில்லை, ஐயா?”

“என்னமோ, யாரோ வந்துருவாங்கன்னு. ரிட்டயர் ஆன அன்னைக்குத்தான், இன்னைக்கு விட்டா இல்லைன்னுட்டு, உள்ள தாழ் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.”

“எப்படி இருந்தது?”

“எங்கீங் அம்மணி இருந்துச்சு? கரையான் பூராத் தின்னுருச்சு. பொத்துன்னு கீழ கெடந்தேன். எந்திரிக்க முடியல. தாழ் வேற போட்டிருக்குது. ஒடம்புல அடி இல்ல, ஆனா படுத்தமேனிக்கு நொம்ப நேரம் சிரிச்சேன். நாப்பது வருசம் கரையானுக்குப் பயந்துக்கிட்டு நின்னிருக்கறனேன்னு.”

 அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு புலிகளைக் கொடுத்தாலும் வாங்கமுடியாத ஓர் உண்மையை அந்த மனிதர் கீழே விழுந்து எடுத்து வைத்திருக்கிறார்.

“அம்மா, நீங்கள்?” என்றாள் அவள் என் மனைவியைப் பார்த்து. “உங்களுக்குத் தெரிந்த பழைய மதுக்கூடம் ஏதாவது?”

“எனக்கென்ன கண்ணு தெரியும்? நான் கண்ட மதுக்கூடம் எங்க ஆறு ரூம்புதான். விடிஞ்சா பாட்டல் பொறுக்கறதுதான் என் வேலை.”

“அந்தப் பாட்டில்களை என்ன செய்வீர்கள்?”

“வா, காட்டறேன்.”

பின்பக்கத் தோட்டத்துக்குப் போனோம். நான் பத்து வருடமாகக் குறுக்கே நடக்கும் தோட்டம். பூப்பாத்திகளைச் சுற்றிக் காலி பாட்டில்களைத் தலைகீழாக மண்ணில் புதைத்து வரப்பு கட்டியிருப்பாள். பச்சை, பழுப்பு, வெள்ளை என்று வரிசை வரிசையாக. அழகுக்குச் செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்தாள், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவதுபோல.

“இது நாங்க விடுதி தொறந்தப்ப மொதல்ல வந்தவங்க. நாலு கம்ப்யூட்டர் பசங்க. ஒருத்தன் ராத்திரி பூராப் பாடிட்டு, காலைல மன்னிப்புக் கேட்டு எங்கிட்ட அழுதான். இந்தச் சின்னது ஒரு புதுசாக் கல்யாணமான சோடி. சண்டை. அந்தப் பையன் தனியாக் குடிச்சான், அந்தப் பொண்ணு எங்கூட வந்து பூண்டு உரிச்சா. போன மாசம் கொழந்தையோட வந்திருந்தாங்க. இந்தப் பாத்தியில இருந்து அந்தப் பாத்தி வரைக்கும் ஒண்ணுமில்ல பாரு, அது நோய்க்காலம், ஊரடங்கு, ஆளே வரல. வெறும் செங்கல்லுதான் வச்சேன். இது ஒரு பெரியவரு. வருசா வருசம் ஒரே தேதிக்கு வருவாரு, ஒரே ரூம்பு, கால் பாட்டல், பேசமாட்டாரு. மொத்தம் ஏழு. இந்த வருசம் இன்னும் வரல.”

ஏழு பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் அளவு இடம் விட்டிருந்தாள்.

அந்தப் பெண் போனை நீட்டிக்கொண்டு நின்றவள், அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி குடியைத் தொட்டவளில்லை. குடிக்கிறவர்களைக் கண்டால் இரண்டு நாள் என்னையும் சேர்த்துத் திட்டுவாள். அவள்தான் இந்த மலையில் யார் எப்போது எதற்காகக் குடித்தார்கள் என்பதைப் பாத்தி கட்டிக் காப்பாற்றிவைத்திருந்தாள். நான் இந்தத் தோட்டத்தின் வழியாகப் போய்த்தான் சாமான் அறையில் தொப்பிக்குத் தூசி தட்டினேன்.

மணி மூன்றே முக்கால். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து, பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விடாமல் பேசி முடித்தாள். இனி அனுப்புவதுதான் பாக்கி. அப்போதுதான் வை-ஃபை பெட்டி சாமியிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன்.

“அதெல்லாம் கேக்காதீங்க” என்றாள். “தண்ணித் தொட்டிமேல ஏறுனா டவர் கெடைக்குமில்ல?”

மொட்டைமாடித் தொட்டிக்கு மூவரும் ஏறினோம். அந்தப் பெண் உச்சியில் நின்று போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். மனைவி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். என் பங்குக்கு நான் சத்தமாக மணி சொன்னேன். நாலு பத்து. பனி வந்து அடிவாரப் பக்கத்தை மூடியது. நாலு பதினேழு. பாதி போயிருக்கிறது என்றாள். நாலு இருபது. இன்னும் பாதிதான் என்றாள். இந்தத் தடவை எனக்குப் பொய் வரவில்லை, வியர்வைதான் வந்தது. மலையேறி வந்த இருபது வருடத்தில் ஏற்காட்டுக் குளிரில் நான் வியர்த்தது அன்றைக்குத்தான்.

“ஏனுங்க, நீங்க மணி சொல்றதக் கொஞ்சம் நிறுத்துங்க. உங்க சத்தத்துக்குத்தான் அது நின்னு நின்னு போவுது” என்றாள் மனைவி.

நாலு இருபத்தாறுக்கு அந்தப் பெண் மேலேயிருந்து, “போயிருச்சுங்க!” என்று கத்தினாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் சேலத்துத் தமிழ்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, நோட்டையும் மடிக்கணினியையும் என் மனைவியே எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். அவள் சேலம் பஸ் ஏறினாள். நான் அன்றைக்கே மச்சானைக் கூப்பிட்டு அந்த வரியை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் என்ன போடட்டும் என்றான். காலியாக இருக்கட்டும் என்றேன்.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. தேறிவிட்டாள். ப்ராக் போனவளைவிட நல்ல மதிப்பெண். கட்டுரையின் கடைசியில் வரும், தகவல் தந்தவர்களின் பட்டியலை எங்களுக்காகத் தமிழிலும் எழுதி அனுப்பியிருந்தாள். அதை மனைவிக்குச் சத்தமாகப் படித்தேன்.

“ஒன்று: ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர். இரண்டு: விடுதி நடத்துபவர், சேகரிப்பின் காப்பாளர்.”

“காப்பாளருன்னா?”

“மியூசியத்துக்கு மொதலாளி மாதிரி. நீதான்.”

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “உங்களப் பத்தி?”

“மூன்று: விடுதி உரிமையாளர். முதல் கூற்று நம்பத்தக்கதல்ல. இரண்டாவது கூற்று நம்பத்தக்கது.”

என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் எழுத்தில் கொடுத்த ஒரே நற்சான்று. இன்னொரு தரம் படித்தேன். மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

“மூணாவதா ஏதாச்சும் அந்தப் புள்ளகிட்டச் சொன்னீங்களா?”

“இல்லயே.”

“சொல்லீராதீங்க” என்றாள். “இப்படியே இருக்கட்டும்.”